கெர்னல் கட்டப் போன ஊர்கள்

கெர்னல் கட்டுகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் கொத்தனார் வேலை என்றுதான் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை; கிட்டத்தட்ட அதுதான். கம்ப்யூட்டரின் உறுப்புகளிடம் வேலை வாங்குகிற அஸ்திவாரம் கெர்னல். கேமரா, சவுண்டு கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் மாட்டுகிற துண்டு மாட்யூல். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட மெஷினில் ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால், அந்த மெஷினுக்கென்றே கெர்னலையோ மாட்யூலையோ கம்பைல் செய்து, அதாவது எழுதிய நிரலை மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றி, ஏற்றி, ரீபூட் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நீங்கள் நம்ம ஆள்.

2005-லிருந்து ஏழெட்டு வருஷம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சர்வீஸ் கடையில் நானும் பரங்கிப்பேட்டை மாலிக்கும் இந்த வேலைதான் பார்த்தோம். பஸ் பிடித்துப் போவோம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவோம். "சார் வரலியாம்மா?" என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்.

கர்னலுக்கு மரியாதை

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி லேப். வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பூட்ஸில் முகம் பார்க்கலாம். "கெர்னல் மாத்த வந்திருக்கோம்" என்றான் மாலிக். அவர் விறைத்துவிட்டார். "கர்னல மாத்துறதா? நீங்களா? யாரு ஆர்டரு?"

ஆர்மி கர்னல் இல்லை, கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று விளக்கியும் பாதிதான் நம்பினார். கூடவே லேபுக்கு வந்து என் பின்னால் நின்றுகொண்டார். கம்பைல் முடிந்து ரீபூட் செய்தோம். ஹார்ட் டிஸ்கைத் திறக்கிற மாட்யூல் ஹார்ட் டிஸ்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்' என்று வந்து எல்லாம் உறைந்துபோனது. அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, நிமிர்ந்தார்.

"பட்டாளத்துல எத்தினியோ கர்னலப் பாத்திருக்கேன்மா, ஒருத்தரும் இப்பிடி பயந்ததில்ல."

தலைகீழாக ஒரு அம்மா

முதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டர். வைரஸ் தொல்லை தாங்காமல் எல்லா மெஷினிலும் லினக்ஸ் போடச் சொன்னார் ஓனர். போட்டோம். கேமரா மட்டும் படுத்துவிட்டது. மாட்யூல் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா உள்ளே வந்தார். மகன் குவைத்தில். வேலையில் விழுந்து கை ஒடிந்து ரூமில் கிடக்கிறான். அவனைப் பார்க்க வேண்டும், அவனும் தன்னைப் பார்க்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று நான் சொல்லும்போதெல்லாம் "ஆவட்டும் பாப்பா" என்பார். ஆனால் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் படம் வந்தது, தலைகீழாக. அந்த கேமராவுக்கு அப்படி ஒரு வியாதி. அங்கே மகனின் திரையில் அம்மா வௌவால் மாதிரி தொங்கியிருக்க வேண்டும். மாலிக் பாய்ந்துபோய்க் கேமராவைக் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட ஆரம்பித்தான். அந்த அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் திரையை விட்டு நகரவில்லை. அதில் கட்டுப் போட்ட கையோடு பையன் உட்கார்ந்திருந்தான்.

"வுடு தம்பி, தலகீழா இருந்தா என்னா, என் புள்ள அழுவுறான் பாரு, அம்மான்னு தெரிஞ்சிதான அழுவுறான்."

புவனகிரி அச்சகம்

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். முதல் தடவை போனபோது பழைய மெஷின், கம்பைலுக்கு அரை நாள் ஆனது. அந்த வீட்டு அக்கா இலை போட்டுச் சாப்பாடு போட்டார். அடுத்த வருஷம் புது மெஷின். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பையை எடுத்தோம். அக்கா கரண்டியோடு வாசலை மறித்தார்.

"இன்னொரு தபா ஓட்டுங்க, மீன் கொழம்பு இன்னும் கொதிக்கல."

மைக் செட்

பிச்சாவரம் பக்கம் ஒரு மீனவர் கிராமம். சுனாமிக்கு அப்புறம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தார்கள். அலை எவ்வளவு உயரும் என்று கம்ப்யூட்டரில் வரும். அதை அதே கம்ப்யூட்டர் வழியாக ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். சொல்கிறவர் செல்வி. அவர் கணவரும் கடலுக்குப் போகிறவர்தான். புது மெஷினில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போன மதியம், மறுநாள் கடல் கொந்தளிக்கும் என்று திரையில் வந்திருந்தது. வெளியே கடல் குழந்தை மாதிரி இருந்தது. ஆண்கள் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

கம்பைல் பாதியில் கரண்ட் போனது. பேட்டரியில் ஓட்டினோம். விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் செல்வி அணைத்தார். வியர்வையில் கீபோர்டு வழுக்கியது. பேட்டரி சாகும் முன் முடியுமா என்று பேட்டரி அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. மாட்யூலை ஏற்றினேன். கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒருமுறை கரகரத்தது. செல்வி மைக்கைப் பிடித்து, "நாளைக்கு யாரும் தொழிலுக்குப் போவாதீங்க" என்றார். கரையில் தலைகள் நிமிர்ந்தன.

மறுநாள் சாயங்காலம் செல்வியிடமிருந்து கடைக்கு போன் வந்தது. காலையிலேயே அலை ஏறிவிட்டதாம், படகெல்லாம் கரையில் பத்திரமாம். "நேத்து நீங்களே நடந்துபோய்ச் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டாங்களா?" என்றேன். செல்வி சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு நான் சொன்னா கேக்க மாட்டாரும்மா, மைக்குல சொன்னாதான் கேப்பாரு."

எல்லாம் தானாக

2012. மஞ்சக்குப்பத்தில் ஒரு டீச்சர் வீடு. புதிதாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டோம். சத்தம் வந்தது, கேமரா நேராகத் தெரிந்தது, நெட் வந்தது. நாங்கள் எதையும் தொடவில்லை. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் இருவரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் மாலிக், துபாய் விசா வந்துவிட்டது என்றான். பஸ் வந்ததும் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"கெர்னலே தானா பொழைக்கக் கத்துக்கிச்சு ஸ்டெல்லா, நாம கத்துக்க வேணாமா?"

நாங்கள் கட்டிய கெர்னல் ஒன்றுகூட இன்றைக்கு எங்கும் ஓடவில்லை. ஆனாலும் எந்த மெஷினாவது முதல் தட்டிலேயே ஒழுங்காக எழுந்துவிட்டால், அதற்கு உடம்புக்கு ஏதோ சரியில்லை என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது.