பரண் நிறைய கிறிஸ்மஸ்

ஜெரூஷா கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குப் போவது பாசத்தால் அல்ல. போகாவிட்டால் அம்மா போனில் அழுவாள், அண்ணன் கிங்ஸ்லி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேத வசனம் போட்டுக் குத்திக் காட்டுவான். அதற்குப் பஸ்ஸில் இடுப்பொடிவதே தேவலை என்று வருடா வருடம் ஓசூரிலிருந்து கிளம்பிவிடுவாள்.

ஓசூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. நாற்பதை நெருங்கிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை, செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் பூந்தமல்லியில் இறங்கி, குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் வந்து சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை, சந்தைக் கூட்டம் பிதுங்கியது. ஒரு துணிக்கடை வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் பனிவண்டிச் சவாரியைப் பற்றி ஆங்கிலத்தில் அலறிக்கொண்டிருந்தது. இந்த ஊர்க்காரர்கள் பனியைப் பார்த்தது ஃப்ரீசருக்குள் மட்டும்தான். சிவப்புக் குல்லாய் மாட்டிய விற்பனைப் பெண் வேர்வையைத் துடைத்தபடி நோட்டீஸ் நீட்டினாள். நவம்பரிலிருந்தே தொழிற்சாலை கேன்டீனில் இதே பாட்டைக் கேட்டுக் கேட்டு ஜெரூஷாவுக்குச் சோறு இறங்காமல் போயிருந்தது.

கீழ்க்கட்டளை வீட்டில் அதைவிட மோசம். அண்ணி ஜென்சி கூடத்தில் ஒரு கிறிஸ்மஸ் தாத்தா பொம்மை வாங்கி வைத்திருந்தாள். யார் குறுக்கே போனாலும் அது இடுப்பை ஆட்டிப் பாடும். அம்மா பாத்ரூம் போனாலும் பாட்டு, திரும்பி வந்தாலும் பாட்டு.

பரிசு விஷயத்தில் கிங்ஸ்லிக்கு ஒரே கொள்கை. ஜெரூஷா வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு குக்கர் கொடுத்து, "கல்யாணத்துக்கு ஆகும்" என்றான். பிறகு இட்லிப் பானை, டின்னர் செட், ஹாட் பாக்ஸ், ஜக்கும் டம்ளருமாக ஒரு லெமன் செட், மிக்ஸி என்று வருடத்துக்கு ஒன்று. அவள் காகிதத்தைப் பிரிப்பாள், அவன் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவான், பிறகு அவனே பொருளைப் பரணில் ஏற்றிவிடுவான். ஒரு வருடம் அவள் வாய்விட்டு நல்ல இயர்போன் கேட்டாள். பணியாரச் சட்டி கிடைத்தது.

அந்த முறை கிரைண்டர். தன் ரியல் எஸ்டேட் நண்பர்கள் பண்டிகையன்று வருவார்கள் என்று அவள் வந்து சேர்ந்த அன்றைக்கே கொடுத்துவிட்டான்.

"பொருளெல்லாம் ரெடி. மாப்பிள்ளையத்தான் காணோம்" என்று சொல்லிச் சிரித்தான். ஜென்சியும் சிரித்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பரணில் இடமில்லாததால் கிரைண்டரைக் கீழேயே விட்டுவிட்டு, கேக் வாங்க மேடவாக்கம் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில், விளக்குப் போடும் வேளையில், சர்ச்சிலிருந்து கேரல் குழு வந்தது. குழுவின் பெரியவர் ஞானையா. முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா, ஷேர் ஆட்டோ ஓட்டும் குமரேசன். சர்ச்சுக்காரன் இல்லை என்றாலும் அந்த அங்கி அவனுக்குத்தான் பொருந்தும் என்று வருடா வருடம் கூப்பிட்டுவிடுவார்கள். பட்டுப்புடவைப் பெண்கள் செல்போனில் வரிகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு தானாகப் பாதிப் பாட்டைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் நடமாட்டத்தில் பொம்மையும் பாடத் தொடங்கியது. இரண்டு பாட்டும் மோதி ஒருவழியாக முடிந்தபின் ஞானையா கண்ணை மூடி ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்த மகளுக்கு வர்ற வருஷமாவது ஒரு நல்ல வரனைக் கட்டளையிடும்."

எல்லோரும் உரக்க ஆமென் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். ஜெரூஷா கண்ணை மூடவே இல்லை. தன் வீட்டுக் கூடத்தில், ஊர் கூடி நின்று தனக்காக இரக்கப்படுவதைப் பார்த்ததும் அவளுக்குக் காது சுட்டது.

"கொஞ்சம் இருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினாள். ஒவ்வொரு பெட்டியாக இறக்கினாள். குக்கரைக் குமரேசனிடம் நீட்டினாள். அவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"இன்னாக்கா, நெசமா எனக்கா? வூட்ல இதுக்குத்தான் சண்டை நடந்துகினு கீது."

டின்னர் செட் ஞானையாவுக்கு. வேண்டாம் வேண்டாம் என்றவர், யாரும் திரும்ப வாங்கிவிடாதபடி மார்போடு அணைத்துக்கொண்டார். ஹாட் பாக்ஸுக்கு இரண்டு பெண்கள் போட்டியிட்டார்கள். கிரைண்டரைக் குழு வந்த வண்டியில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். அம்மா தடுப்பாள் என்று ஜெரூஷா எதிர்பார்த்தாள். அம்மா மெல்லப் பக்கத்தில் வந்து, "அந்த லெமன் செட்ட மட்டும் எனக்கு வெச்சுடு, ரொம்ப நாளா ஆசை" என்றாள். போகும்போது குழு கேட்காமலே இன்னொரு பாட்டுப் பாடியது. கீபோர்டுக்காரர் கையில் இட்லிப் பானை இருந்ததால் வாத்தியம் இல்லை. அதுவும் சுமார்தான்.

கேக்கோடு திரும்பிய கிங்ஸ்லி வெறும் பரணைப் பார்த்துக் கத்தினான். கல்யாணத்துக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியதைத் தெருவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்றான்.

"கல்யாணத்துக்குன்னா கல்யாணத்துல குடுத்திருக்கணும்ணா. கிறிஸ்மஸுக்குக் குடுத்தா அது என்னோடது."

அவன் கேக்கை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். கிறிஸ்மஸ் அன்று அவளோடு பேசவில்லை, ஆனால் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். டின்னர் செட் யாருக்குப் போனது என்று ஜென்சி தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அதன்மேல் அவளுக்குப் பல வருடமாக ஒரு கண்.

அடுத்த கிறிஸ்மஸுக்குக் கிங்ஸ்லி ஒரு பயணப் பை கொடுத்தான். போட்டோ எடுக்கவில்லை, பரணில் ஏற்றவில்லை, கல்யாணப் பேச்சை எடுக்கவும் இல்லை. போய்த் தொலை என்று அர்த்தமாக இருக்கலாம். ஜெரூஷா அதைப் பற்றி யோசிக்கவில்லை. நல்ல பை, சக்கரமும் சரியாக உருண்டது. துணியை அதில் அடுக்கிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினாள்.