நான் வெட்டிய கடைசி வரி

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் மொன்றியலில் ஆண்டுதோறும் ஒன்றுகூடுவோம். அந்த வருடம் ஒன்றுகூடலுக்கான நினைவு மலர் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், நம்மவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

ஐம்பதுகளில் ஒரு பருவம் முழுக்கத் தோற்காத எங்கள் உதைபந்தாட்ட அணியைப் பற்றிய கட்டுரைதான் மலரின் சிறப்பு. கூடவே அணியின் படம். பழைய மாணவர் ஒருவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த அசலை இரவல் தந்திருந்தார். அந்தக் காலத்து அணிப்படங்களில், கீழே அட்டையில் இருப்பவர், நிற்பவர் என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். படமெடுத்த அன்று வராதவர் பெயர் 'அப்சென்ட்' என்று கடைசி வரியில் வரும்.

அதே பக்கத்தில் வீடு விற்கும் முகவர் ஒருவரின் விளம்பரத்துக்குக் கொஞ்சம் இடம் போதவில்லை. படத்தில் இல்லாத ஆளின் பெயர் எதற்கு என்று கணினியில் கடைசி வரியை வெட்டிவிட்டேன். யாருடைய பெயர் என்றுகூட வாசிக்கவில்லை.

ஒன்றுகூடலுக்கு ஒரு கிழமைக்கு முன், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து ஒரு பெரியவர் தன் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அந்த ரீம் படம் மலரில வருதோ?"

"ஓம் ஐயா, நல்ல வடிவா வருது."

"அப்ப மனிசியையும் கூட்டிக்கொண்டு வாறன்."

நவம்பர் மாதச் சனிக்கிழமை மதியம். மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவர் லேசாகக் காலை இழுத்து நடந்தார். என் கையாலேயே மலரைக் கொடுத்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தைத் தேடி, பெயர்களுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே போனார். விரல் விளம்பரத்தில் போய் நின்றது.

"எங்கையப்பா உங்கட பேர்?" என்றார் மனைவி.

"விடுபட்டுப் போச்சுதாக்கும்" என்று மலரை மூடிவிட்டார்.

மனைவி என்னிடம் திரும்பினார். "நாப்பது வருசமா இவர் உந்த ரீமில விளையாடினவர் எண்டு சொல்லுறார் தம்பி. நான் நக்கலடிப்பன். இவரிட்ட இருந்த ஒரே படம் கலியாணத்துக்கு முதலே துலைஞ்சு போச்சுதாம். இண்டைக்குக் காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு வந்தவர்."

நான் வெட்டிய வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படத்தில் ஏன் இல்லை என்று அவரிடம் தயங்கியபடி கேட்டேன்.

"கடைசி ஆட்டத்தில கோல் அடிக்கேக்க கம்பத்தோட மோதிக் கால் முறிஞ்சது. அந்தக் கோலாலதான் வெண்டனாங்கள். படம் எடுக்கேக்க நான் ஆஸ்பத்திரியில."

அவர் என் முதுகில் தட்டி, "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்?" என்றார். அதுதான் சுட்டது.

"வேணுமெண்டுதான் ஐயா வெட்டினனான். விளம்பரத்துக்கு இடம் காணாது எண்டு" என்று சொல்லிவிட்டேன்.

வரவேற்புரையை நான்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்ற நண்பரின் கையில் தாளைத் திணித்துவிட்டு, அசலை எடுத்துவர வெளியே ஓடினேன். என் வீடு மூன்று பஸ் தரிப்புத் தூரம். பஸ்ஸைக் காணவில்லை. உருகிய பனியில் சப்பாத்து நனைய நடந்தேன். ஒருவேளை அந்த வரியில் வேறு யாருடைய பெயராவது இருந்தால்? அந்த மனிதரை இன்னொரு முறை அல்லவா தலைகுனிய வைப்பேன் என்று வழியெல்லாம் பயம்.

அசல் என் மேசையில் கிடந்தது. கடைசி வரியில் அவர் பெயர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பி, இருவர் முன்னும் நீட்டினேன்.

மனைவி அவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்து, "அப்ப, வராத ஆளைத்தான் நான் கட்டியிருக்கிறன்" என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று முறிந்த அவருடைய காலில் கையை வைத்தார். மேடையில் பேச்சுகள் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை. பெரியவருக்கு முகமெல்லாம் வெட்கம்.

இன்றும் எந்தப் பழைய படம் கையில் கிடைத்தாலும் முகங்களைப் பார்க்கும் முன் கடைசி வரியைத்தான் வாசிக்கிறேன்; வென்று தந்தவரின் பெயர் அங்கேயும் இருக்கலாம்.