ரோபோவின் குரல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிட்டால் லிப்ட் மெக்கானிக் வேறு ஆளாகிவிடுவார். வாரம் முழுக்க கிரீஸ் கையோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவர், அன்றைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தானே வரைந்த விண்வெளி வரைபடத்தை அதன்மேல் விரிப்பார். நட்டும் வாஷரும் கோள்களாகவும் கப்பலாகவும் அதில் உட்காரும். கதையை அவர் நடத்துவார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் காரியம் கைகூடும்; சின்ன எண் என்றால் சிக்கல்தான்.

எதிர்காலத்தைப் பற்றி அந்தக் காலத்து ஆட்கள் கண்ட கனவு எப்படியோ, அப்படி ஓர் உலகத்தை அவர் கட்டி வைத்திருந்தார். துடுப்பு வைத்த வெள்ளி ராக்கெட்டுகள், நிலாவில் கண்ணாடிக் கூரை போட்ட ஊர்கள், சண்டை ஓய்ந்த பூமி. எது கெட்டுப்போனாலும் நாலு பேர் கூடி யோசித்தால் சரிசெய்துவிடலாம் என்பது அங்கே சட்டம்.

"என் வேலையும் அதுதானே," என்பார். "லிப்ட் காரணம் இல்லாம நிக்காது. எங்கேயோ ஒரு ஒயர் விட்டிருக்கும். தேடினா கிடைக்கும்."

கப்பலின் கேப்டன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கப்பல் டாக்டர், பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். ஆனால் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது ரோபோதான். அதை ஆடியவர் சலூன்காரர், மெக்கானிக்கோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர் விழுந்திருந்தது. மூக்கால் பாதி, தொண்டையால் பாதி என்று ரோபோவுக்கு ஒரு குரல் பிடித்து வைத்திருந்தார். "கேப்டன் அவர்களே, எனக்குள் பயம் பொருத்தப்படவில்லை. இருந்தாலும் நீங்களே முன்னால் போங்கள்," என்று அது சொன்னால் மருந்துக்கடைப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிப்பாள்.

ஒருநாள் அந்தக் குரல் கரகரத்தது. சளி, சளி என்றே ரேடியோ நாளைக் கடத்தினார்.

"அண்ணா, இனிமே இருமல் மருந்து கேட்டு வராதீங்க. டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க," என்று கடைசியில் மருந்துக்கடைப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். காட்டியபோது குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார்கள்.

அறுவை சிகிச்சையன்று ரேடியோவின் மனைவிக்குத் துணையாக மெக்கானிக் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இனிமே பேச்சே வராதாமே?"

"வரும்மா. இப்பல்லாம் எல்லாத்துக்கும் வழி இருக்கு."

சொன்ன வாய் மூடுவதற்குள் ஏன் சொன்னோம் என்றிருந்தது. எதிரே லிப்ட் கதவு மூடும்போதெல்லாம் கிறீச்சிட்டது. கீழே கதவு ஓடும் தடத்தில் மண் சேர்ந்திருக்கிறது, துடைத்துவிட்டால் தீர்ந்தது. அந்தக் கட்டடத்திலேயே அவரால் சரிசெய்யக்கூடியது அது ஒன்றுதான். அதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதை மறைக்க ஒரு மெல்லிய துணி, கையில் ஒரு சிலேட்டு. ரேடியோ வீடு திரும்பினார். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். புண்பட்ட தோலில் அது படியவில்லை, இழுப்பறைக்குள் போனது.

உடம்பு தேறி ஆட்டத்துக்கு வந்தபோது, தட்டச்சு செய்தால் படித்துக் காட்டும்படி மச்சான் அவர் போனைச் சரிபண்ணிக் கொடுத்தான். "வணக்கம். நான் ரோபோ," என்றது ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரேடியோவும் சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களின் சிரிப்பு அப்படியே அடங்கியது.

மச்சான்தான் முதலில் வாய் திறந்தான். "மாமா, நம்ம உலகத்துல எதையும் சரி பண்ணலாமே! சனிக்கிரக வளையத்துல ஒரு பட்டறை இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. அங்க போய் ரோபோவுக்குப் புதுக் குரல் மாட்டிட்டு வருவோம்."

ரேடியோ வேகமாகத் தலையாட்டினார். மெக்கானிக்கால் மறுக்க முடியவில்லை. குரல் கிடைக்காமல் போனால் அந்த உலகத்தின் சட்டமே பொய். கிடைத்துவிட்டால் யார் பேசுவது? வழியில் விண்கல் மழை பெய்ய வைத்தார், எரிபொருளைக் கசியவிட்டார். ஒவ்வொன்றையும் அவர்கள் ஆசை ஆசையாகச் சரிசெய்து முன்னேறினார்கள். கப்பல் பட்டறைக்கு வந்தே விட்டது.

கடைசிப் பகடை ரேடியோவுடையது. பழக்கதோஷத்தில் அதை ஊதுவதற்காக உதட்டருகே கொண்டுபோனார். வாயில் காற்று வரவில்லை. கழுத்துத் துணிதான் அசைந்தது. உருட்டினார்.

இருபது.

"ஹேய்!" என்று மச்சான் எழுந்தே விட்டான். மருந்துக்கடைப் பெண் கைதட்டினாள். அப்புறம் மூவரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

"குரல் பொருந்திடுச்சு," என்றார் அவர். "ரோபோ கண்ணைத் திறக்குது. வாயைத் திறக்குது..."

ரேடியோ சிலேட்டில் எழுதித் திருப்பினார்: நீ பேசு.

"என்னால முடியாதுடா."

அவர் அந்த எழுத்துக்கடியில் ஒரு கோடு இழுத்தார்.

மெக்கானிக் மூக்கால் முயன்றார். "கேப்டன் அவர்களே, எனக்குள் பயம்..." ரேடியோ கையசைத்து நிறுத்தி, தன் மூக்கைத் தொட்டு, தொண்டைக்கு விரலைக் கொண்டுபோய், இன்னும் கீழே என்று காட்டினார். மெக்கானிக் மறுபடி முயன்றார். அதுவும் இல்லை. மூன்றாவது முறை குரல் உடைந்துபோனது. அது ரோபோவின் குரலும் இல்லை, அவர் குரலும் இல்லை. ரேடியோ எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். மெக்கானிக் அருகில் போய் நின்றார். தோளைத் தொடலாமா என்று தூக்கிய கையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ரேடியோ எப்போதும் வரும் நேரத்துக்கு வந்தார். வரைபடம் விரிக்கப்படவில்லை. மற்ற இருவரையும் வரவேண்டாம் என்று மெக்கானிக் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவரிடம் மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

"இன்னைக்குக் கதை ஒண்ணும் தோணலடா," என்றார்.

ரேடியோ வழக்கமான நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக்கின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். வெயில் தாழும்வரை இருவரும் அந்த வெறும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.