வளர்ந்த பிறகு எடுத்த படம்

போன சனிக்கிழமை புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மீன் கடையில் நின்றிருந்தோம். குழம்பு மீன் இல்லை... கண்ணாடித் தொட்டியில் விளக்குப் போட்டு வளர்க்கிற மீன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மீன் என்றால் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

என் மனைவி ஒரு தொட்டியின் முன்னால் அசையாமல் நின்றாள். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். பால் வெள்ளை உடம்பு, அதில் கறுப்புப் பொட்டுகள். தலையைத் தாழ்த்தி, துடுப்புகளை மெல்ல ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. அவ்வளவுதான், மனைவி அதன் அழகில் விழுந்துவிட்டாள்.

"இது இன்னா மீனு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"புது வரவு சார். போல்கா டாட்."

"இன்னா சாப்பிடும்?"

"போடறத சாப்பிடும்."

"எவ்ளோ பெருசா வளரும்?"

அவர் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். "தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளரும் சார்."

தொட்டியைப் பார்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு நாகரிகம் தெரிந்த உயிரினத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டு உப்புத் தண்ணீர்த் தொட்டி உண்மையில் எங்களுடையது இல்லை. பையனுடையது. மேல்படிப்புக்கு பிரான்ஸ் போகும்போது விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன் — ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. இப்போது முட்டை வைத்திருக்கின்றன. காவல் வேலை ஆண் மீனுக்கு. முட்டைக்குப் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் விரல் வைத்தால் சண்டைக்கு வரும். அதன் மொத்த உருவமே என் கட்டைவிரல் அளவுதான்.

டிசம்பர் லீவுக்குப் பையன் வருகிறான். அதற்குள் புதிதாக ஒரு மீனை விட்டு அவனுக்கு சர்ப்ரைஸ் கொடுக்க வேண்டும் என்பது மனைவியின் திட்டம். என் கவலை வேறு. அவன் நம்பி ஒப்படைத்தது இரண்டே இரண்டு மீன். அதில் ஒன்று போய்விட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனிடம் பேசுவேன்?

"விசாரிச்சுட்டு வரேன்" என்று சொல்லி, மீனைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"தக்காளி வாங்கறப்ப இந்த விசாரணையெல்லாம் எங்க போச்சு?" என்றாள் மனைவி, ஸ்கூட்டரில் ஏறியபடியே.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தப்பு செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டு, 'இது என்ன மீன்?' என்று கேட்டேன். புதுச்சேரிக்காரர்களிடம் மீன் படத்தைக் காட்டினால் என்ன கிடைக்கும்? சமையல் குறிப்பு கிடைக்கும்.

தலையைக் குழம்பில் போட்டு நடுத்துண்டை வறுக்கச் சொன்னாள் அக்கா. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தை, புய்யாபேஸ் வைக்கச் சொன்னார். அது பிரெஞ்சுக்கார மீன் சூப். மீன் உயிரோடு இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீராம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் மச்சினன் மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

"மாமா, களவா குட்டி மாதிரி இருக்குது. இவ்ளோ சின்னத ஏன் வாங்கறீங்க? வளந்துச்சுன்னா உங்க கை நீளம் வரும். ஒன்னு வாங்கனா நாலு வூட்டுக்குப் பங்கு போட்டுக்கலாம்."

நாலு வீட்டுக்கு! எங்கள் தொட்டியே மூன்றடிதான்.

ஆனால் களவாவில் பல வகை உண்டு. அவனும் 'மாதிரி' என்றுதான் சொன்னான். லேப்டாப்பைத் திறந்தேன். 'வெள்ளை கறுப்புப் புள்ளி' என்று தேடியதில் முதலில் நைட்டி விளம்பரம் வந்தது. பிறகு ஒழுங்காகத் தேடினேன். நிறத்தை மட்டும் நம்பக்கூடாதாம், வயது ஏற ஏற மாறிவிடுமாம். உடம்பின் வடிவம், முதுகுத் துடுப்பு, வால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முக்கியமாக வாய். படத்தைப் பெரிதாக்கினேன். அந்தச் சின்ன முகத்தில் வாய்க்குத்தான் நிறைய இடம் ஒதுக்கியிருந்தது.

ஒருவழியாகக் கிடைத்தது. பேந்தர் க்ரூப்பர். மச்சினன் சொன்ன களவா வகைதான். இரண்டடி வரை வளரும். எங்கள் மொட்டை மாடி தண்ணீர் டேங்க் அளவுக்கு அதற்குத் தொட்டி வேண்டும். விற்பவர்கள் எழுதியதை ஒதுக்கிவிட்டு, வளர்த்தவர்கள் எழுதியதைப் படித்தேன். மீன் மிக அமைதியானது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. கூட இருந்த சின்ன மீன்கள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தன.

வளர்ந்த மீனின் படத்தை மனைவியிடம் காட்டினேன்.

"இது அதோட அப்பாவா?"

"அதுவேதான். வளந்தா இப்படி."

தொட்டிப் பக்கம் திரும்பினாள். "நம்ம ஆம்பள மீனு?"

"ஒரே வாய்."

அதற்கப்புறம் போல்கா டாட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், கண்டுபிடித்ததையெல்லாம் கொட்டினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும் சார். அதான் குட்டியா இருக்கறப்பவே வித்துடறது. பெருசானா யாரு சார் வாங்குவாங்க?"

கோபப்படத்தான் போனேன், முடியவில்லை. யோசித்துப் பாருங்கள்... இந்த உலகத்தில் எதைத்தான் குட்டியாக இல்லாமல் விற்கிறார்கள்? கிரெடிட் கார்டு என் பர்சுக்குள் அப்படித்தான் வந்தது. எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் பதவியையும், "மாசம் ஒரு கையெழுத்துதான் சார்" என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். இன்று யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் என் வீட்டுக் காலிங் பெல்தான் அடிக்கிறது. ஆகவே எதையும் வீட்டுக்குள் கொண்டுவரும் முன், அது வளர்ந்த பிறகு எடுத்த படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த அறிவுரையோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று மாலை பையன் வீடியோ காலில் வந்தான். அங்கேயே வேலை கிடைத்துவிட்டதாம். நல்ல கம்பெனி. உடனே சேர வேண்டுமாம், அதனால் டிசம்பரில் வர முடியாதாம். "மீன நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்றான். நாங்கள் கைதட்டினோம், வாழ்த்தினோம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேசி முடித்ததும் மனைவி போய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆண் மீன் வேறெதையும் கவனிக்காமல் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"ஏங்க... இவனப் பெத்துக்கறதுக்கு முன்னாடி நீங்க விசாரிச்சுட்டு வந்து, வளந்தா இப்படித்தான் போயிடுவான்னு சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொல்லியிருந்தா?"

"அப்பவும் உங்க பேச்சக் கேட்டிருக்க மாட்டேன்."