எனக்குக் கிடைக்காத திட்டு

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. டொரான்டோவில் ரெக்ஸ்டேல் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு மிசிசாகாவில் இன்ஜினியர் வேலை. மெட்ராஸிலிருந்து வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்குப் பதினேழு வயது. தங்கை என்னைவிட ஒரு வயது சின்னவள்.

அதற்கு முந்தின வருடம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை, 'கட்டி' என்பதோடு நிறுத்திக்கொண்டோம். கதிர்வீச்சு, ஊசி, வாந்தி என்று ஒரு வருடம் போயிற்று. முடி கொட்டியபோது, பழனிக்கு நேர்ந்துகொண்டு வீட்டிலேயே மொட்டை போட்டதாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிவைத்தாள். கடைசியில் டாக்டர், சிகிச்சை முடிந்தது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும், பள்ளிக்கூடம் போகலாம் என்றார். பிழைத்தவர்கள் கதையை எல்லோரும் இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான்.

ஒரு வருடம் வீணானதால் நானும் தங்கையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம். அவளுக்கு இடுப்பு வரை பின்னல். எனக்குச் சுருள் சுருளாகக் காதுக்கு மேலே நிற்கும் புது முடி. அவள் கூடைப்பந்து ஆடுவாள், நான் அவளுடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். இதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னை உண்மையில் அரித்தது வேறொன்று. அம்மா அவளைத் திட்டுவாள்.

சிரிக்காதீர்கள். காலையில் எழுந்திருக்கும்போதே தொடங்கிவிடும். பால் பொங்கினால் திட்டு, கணக்கில் மார்க் குறைந்தால் திட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தால் திட்டு. எல்லாத் திட்டும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகப்போற பொண்ணாடி நீ?" கட்டி வருவதற்கு முன் எனக்கும் இந்த அர்ச்சனை தினமும் உண்டு. அப்போது காதைப் பொத்திக்கொள்வேன். இன்றைய பெண்கள் யாரிடமாவது இப்படிச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. கணக்கில் நான் தங்கையைவிடக் குறைவாக வாங்கினேன். "பரவாயில்லம்மா" என்றார் அப்பா. டம்ளரை உடைத்தேன். "பரவாயில்ல கண்ணு, நீ போய் உட்காரு" என்றாள் அம்மா. சமையலறைக்குள் என்னை விடுவதே இல்லை. தங்கை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் சண்டையே நடக்கும். நான் என்ன படிக்கப்போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் யாராவது மெட்ராஸ் போய்வந்தால் எங்கள் இருவரின் கல்யாணச் சீருக்காக எவர்சில்வர் பாத்திரங்கள் ஜோடி ஜோடியாக வரும். அந்த வருடம் வந்தது ஒரே ஒரு குத்துப்போணி. அதை அம்மா துணியில் சுற்றித் தங்கையின் பெட்டியில் வைத்ததை நான் பார்த்தேன். டாக்டர் என்ன சொன்னாலும், நான் இருக்கப்போவதில்லை என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள் என்றே நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரிந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. இட்லி போடுகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் குளிரில் மாவு புளிக்காது. அதனால் அங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் சின்ன பல்பை மட்டும் இரவெல்லாம் எரியவிடுவாள். மாவு அரைத்ததே பெரிய பாடு. பிளெண்டர் சூடாகிவிடும் என்று நிறுத்தி நிறுத்திச் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அரைத்தாள்.

காலையில் அம்மா குளிக்கப் போனாள். தங்கை ஹாலில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் அவள் செய்த கேக் அமுங்கிப்போய், அதற்கும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒழுங்காக ஒரு கேக் செய்து காட்டுகிறேன் என்று எனக்கு வீறாப்பு. முதலில் ஓவனைச் சூடாக்க வேண்டும் அல்லவா? திறந்து பார்க்காமல் குமிழைத் திருகிவிட்டு மாவு சலிக்க உட்கார்ந்தேன். ஒரு வருடமாக அந்தப் பக்கமே விடப்படாதவளுக்கு ஓவனில் என்ன இருக்கும் என்பது மறந்தேபோயிருந்தது.

நாற்றம் வந்த பிறகுதான் உறைத்தது. பாத்திரத்தின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் தட்டு உருகி மாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஈரத் தலையில் துண்டோடு ஓடி வந்தாள். ஓவனைத் திறந்து பார்த்தாள். நேரே திரும்பித் தங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி ஒரு திட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண் எங்கே போச்சு, புத்தி எங்கே போச்சு என்று தொடங்கி, அமுங்கிப்போன கேக்கைத் தொட்டு, வழக்கம்போல நாளைக்குப் போகிற வீட்டில் வந்து நின்றது. தங்கைக்கு எதுவும் புரியவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. செய்தது நான். அந்தத் திட்டு முழுக்க முழுக்க எனக்குச் சேர வேண்டியது. அதையும் அவளே வாங்கிக்கொள்கிறாளே!

"நான்தாம்மா செஞ்சேன்" என்றேன்.

அம்மாவின் முகம் ஒரு நொடியில் மாறியது. வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுட்டுக்கலியே? பரவாயில்ல கண்ணு, விடு" என்றாள்.

தங்கை அப்போதுதான் வெடித்தாள். "அவ செஞ்சா பரவாயில்ல, செய்யாத எனக்குத் திட்டு. எனக்கும் கட்டி வந்திருக்கணும்."

அம்மா கையை ஓங்கிவிட்டாள். நான் குறுக்கே போய் நின்றேன். என்னைப் பார்த்து இவளுக்குப் பொறாமையா என்று எனக்கு ஒரே திகைப்பு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி வெந்துகொண்டிருந்திருக்கிறோம். இத்தனை மாதமாக அடக்கிவைத்தது தானாக வெளியே வந்தது.

"நாளைக்கு அவ மட்டும்தான் போகப்போறாளா? எனக்கு நாளைக்கே கிடையாதாம்மா?"

அம்மா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து வந்த அப்பா வாசற்படியிலேயே நின்றார். பிறகு அம்மா எழுந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, ஓவனைத் திறந்து பார்க்கணும்னு தெரியாது உனக்கு?" எனக்காகச் சொல்கிறாள் என்று புரிந்தது. ஆனால் அடுத்து அவள் பார்வை மாவின் மேல் விழுந்தது பாருங்கள், அதற்குப் பிறகு நடிப்பே இல்லை. "சாயங்காலம் பூரா அரைச்ச மாவுடி! ஜெரார்ட் தெரு வரைக்கும் பஸ் மாறிப் போய் வாங்கிட்டு வந்த உளுந்துடி! நாளைக்கு இன்னொரு வீட்டுல போய் இந்த லட்சணத்துல அடுப்பு பத்தவெச்சா என்னைத்தானே கேப்பாங்க?"

அழுதுகொண்டே சிரித்தேன். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. பிறகு நானும் தங்கையும் மண்டியிட்டு ஓவனைச் சுரண்டினோம். வந்தவர்களுக்கு உப்புமாதான். இட்லி எங்கே என்று ஓர் அம்மாள் கேட்டபோது, பெரியவள் மாவைச் சுட்டுவிட்டாள் என்று அம்மா எல்லோர் முன்னாலும் புகார் சொன்னாள். பரிசு வாங்கினவள் மாதிரி நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். தங்கை மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் துடைக்கையில் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்குன்னு வாய்விட்டுச் சொன்னா ஏதாவது ஆயிடுமோன்னு பயம்டி." அடுத்த முறை மெட்ராஸிலிருந்து பாத்திரம் வந்தபோது ஜோடியாக வந்தது.

நான் இன்னொரு வீட்டுக்கும் போனேன், வேலைக்கும் போனேன். இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. அம்மா போய்ச் சில வருடங்களாகின்றன. ஸ்கார்பரோவில் காய்கறிக் கடையில் எந்த அம்மாவாவது மகளை நிற்கவைத்துத் திட்டினால் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பாவமாகப் பார்க்கிறார்கள். நான் மட்டும் வெண்டைக்காயை வெறுமனே கிளறிக்கொண்டு நிற்கிறேன், வயிறெரிய.