பாகாலா சர்க்கரை ஆலையில் எங்களோடு சேர்ந்த நாலாவது குரல்

இந்த மே மாதம் இரண்டாம் வாரம், சித்தூர்ப் பக்கம் தலைகாட்டவே யோசிக்கும் வெயிலில், நாங்கள் மூன்று பேர் ஒரு செல்லோவையும் தூக்கிக்கொண்டு பாகாலாவுக்குப் போய்வந்தோம். போனது கச்சேரிக்கு. பாகாலாவுக்கும் தாமலசெருவுக்கும் நடுவே பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் கோடைதோறும் நான்கு நாள் இசைவிழா நடக்கிறது. மைக் கிடையாது, மேடை கிடையாது. ஐந்து பேருக்கு மேற்பட்ட குழுக்களை அழைப்பதில்லை. வாசித்து முடித்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்து, எப்படிச் சேர்ந்து வாசிக்கிறீர்கள் என்று பேச வேண்டும். அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான். அடுத்த கோடையில் போக நினைக்கும் சிலர் விவரம் கேட்டிருந்தார்கள். வழியையும் செலவையும் மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நளினி வயலின். திருப்பதியில் பிறந்து வளர்ந்தவள். கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம். தேவசகாயம் வியோலா. அது வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம், குரல் இன்னும் தாழ்ந்தது. நான் செல்லோ, மூன்றிலும் பெரியது, தரையில் ஊன்றி உட்கார்ந்து வாசிப்பது. பதினொரு வருடமாக மூன்று பேரும் சேர்ந்து வாசிக்கிறோம். இந்த விழாவுக்கு நளினியே மூன்று பகுதிகள் கொண்ட ஒரு இசைக்கோவை எழுதியிருந்தாள். நடுப்பகுதி மிக மெதுவாகப் போகும். கடைசியில் நானும் வியோலாவும் மட்டும் மிஞ்சுவோம், பிறகு நான் ஓய்ந்து, வியோலாவும் ஓய்ந்து, நான்கு எண்ணிக்கைக்கு நிசப்தம். அந்த இடத்துக்கு முன்னால் தேவா ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை பிந்திக்கொண்டே இருந்தார். அவருடைய பிடிவாதம் என்று நளினி நினைத்தாள். சென்னை சென்ட்ரலில் வண்டி ஏறும் முன் என்னைத் தனியே கூப்பிட்டு, "இதோட போறும் சுமதி. வேற வியோலாக்காரர் ஒருத்தர்ட்ட பேசிட்டேன். தேவாட்ட நீ எதுவும் சொல்லிடாதே" என்றாள்.

வண்டி காலை 6.25-க்கு. செல்லோப் பெட்டி மேலே உள்ள பலகையில் ஏறாது, இருக்கைக்கு அடியிலும் போகாது. கதவோரம் நிறுத்தி, கூடவே நானும் நின்றுகொண்டு வந்தேன். திருப்பதி சேரும்போது 9.50. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் திருமலைக்குப் போகிற பஸ் எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் எதிர்ப்பக்கம் நடந்து பாசஞ்சர் பிடித்தோம். பாகாலாவுக்கு 42 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நளினியும் தேவாவும் ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரிடமும் மாறிமாறிப் பேசிக்கொண்டு வந்ததில் எனக்குத் தொண்டை வறண்டது.

பாகாலா ஸ்டேஷன் வாசலில் விழாக்காரர்கள் ஏற்பாடு செய்த ஆட்டோ நின்றது. ஓட்டுநர் பெயர் முனிரத்தினம். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"இன்னாக்கா இது, பொணப்பொட்டி மாதிரி கீது?"

"பெரிய வயலின்."

"பர்வாலேது, ஏத்துங்க. மில்லுக்குத்தானே? நான் அங்கதான் பத்தொம்பது வருசம் வேல செஞ்சேன். ஊட்ல தமிழு, மில்லுல தெலுங்கு."

ஒன்பது கிலோமீட்டர். மாங்காய் லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்து போனதில் நாற்பது நிமிடம் ஆனது. 250 ரூபாய். ஆலையின் கேட்டருகே வண்டியை நிறுத்தி, பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். கட்டடம் உள்ளே இன்னும் இருநூறு அடி.

"வண்டி உள்ள போகாதா?"

"வண்டி போவும்கா. நான் போவறதில்ல."

அந்த வெயிலில் அதைப்பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கச்சேரி நடப்பது பாகு காய்ச்சும் தளத்தில். இரும்புப் படிகளில் இரண்டு மாடி ஏற வேண்டும். தரையும் இரும்புத் தகடுதான். நடுவே மூன்று ராட்சதக் கொப்பரைகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டு அறை அளவு. அவற்றைப் பேன் என்கிறார்கள். கட்டடத்துக்கு மின்சாரம் கிடையாது. வெளியே காற்றே இல்லாத மதியத்திலும் உள்ளே இரும்பு எங்கேயோ டக், டக் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை வாசனை இன்னும் போகவில்லை. எறும்பு ஒன்றுகூட இல்லை என்பதை நளினிதான் கவனித்துச் சொன்னாள்.

நான்கு மணிக்கு ஒத்திகை. மூன்று வாத்தியம் ஆறு வாத்தியம் போலக் கேட்டது. அப்படி ஒரு இடம் நான் பார்த்ததில்லை. நடுப்பகுதி முடிந்தது. நான் வில்லை எடுத்தேன், தேவாவும் எடுத்தார். நிசப்தம் வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. தாழ்ந்த சுரம் ஒன்று நின்றது.

எதிரொலி என்றால் தேய்ந்துகொண்டே போகும். இது தேயவில்லை. ஏழெட்டு நொடி ஒரே கனத்தில் நின்று, வெட்டினாற்போல அறுந்தது. அறுந்த இடத்தில், யாரோ மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

நளினி என்னைப் பார்த்தாள். தேவா பக்கத்தைத் திருப்பி மூன்றாம் பகுதிக்குத் தயாராக இருந்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மறுபடியும் உட்கார்ந்தோம். அதே இடத்தில் அதே சுரம். இந்த முறை அது அறுபடாமல் நின்றது; நளினி எழுந்துபோய் மூன்று பேன்களிலும் கை வைத்துப் பார்த்தாள். நான் படியிறங்கிக் கீழ்த் தளத்துக்குப் போனேன். கீழே இருந்து கேட்டால் மேலே இருந்து வந்தது. மேலே வந்தால் கால்களுக்கு அடியில் இருந்தது.

"தேவா, நீங்கதான் வாய்க்குள்ள ஏதாவது முணுமுணுக்கறேளா?" என்றாள் நளினி. குரலில் கோபம் இருந்தது. பயத்தில் வந்த கோபம். "வேணும்னு பண்றேளா?"

"என்ன பண்றேன்?"

"இந்தச் சத்தம்."

"எந்தச் சத்தம்?"

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். நாங்கள் சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றுகிறோமோ என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு வியோலாவை மடியில் படுக்க வைத்தார்.

"இப்ப வருதா?"

"வருது" என்றேன்.

"இப்பவும்?"

"இப்பவும்."

அவர் முகம் வெளிறியதை மறக்க முடியவில்லை. அவர் பயந்தது சத்தத்துக்கு இல்லை.

"டிசம்பர்லேருந்து வலது காதுல கீழ்ச் சுரம் எதுவும் இல்ல" என்றார். "இடது பக்கமும் கொறஞ்சிட்டே வருது. என் வாத்தியம் தாடையெலும்பு வழியாத் தெரியுது, அதனால தப்பிக்கிறேன். சுமதி வாசிக்கிறது கேக்கல. அவ கையைப் பாத்துத்தான் வாசிக்கிறேன். பாத்துட்டு எடுத்தா ஒரு மயிரிழை பிந்தத்தானே செய்யும்."

அந்தச் சுரம் அதற்குள் நின்றுவிட்டிருந்தது. நளினி இரும்புத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வேற ஒருத்தர்ட்ட பேசிட்டேன் தேவா."

"தெரியும். அவர் என்கிட்டக் கத்துக்கிட்டவர். போன வாரமே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டார்."

நளினி அழுதாள். தேவா குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தார்.

மதியம் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் முனிரத்தினம் இருந்தார். நேராகவே கேட்டேன்: உள்ளே ஒரு சத்தம் வருகிறதே, என்ன அது?

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "குரப்பா மேஸ்திரி" என்றார். "பாகு பதம் பாக்கற ஆளு. வேல செய்யறப்போ வாயால உம்முனு சத்தம் குடுத்துக்கினே இருப்பாரு. மிஷின் இன்னா சத்தம் போடுதோ அதே சத்தம். ஸ்பீடு கொறஞ்சா மொதல்ல அவர் வாயிலதான் தெரியும்."

"இறந்துட்டாரா?"

"தெரியாதுக்கா. கடைசி ஷிப்ட்டு அன்னிக்கி மிஷின நிறுத்திட்டாங்க. எல்லாம் எறங்கி வந்துட்டோம். அவர் மட்டும் பேன்கிட்ட நின்னுக்கினு இருந்தாரு. மிஷின் நின்னுபோச்சி, அவர் நிறுத்தல. வாங்க மேஸ்திரின்னு கூப்ட்டேன். போ போன்னு கையக் காட்னாரு. அவ்ளோதான். ஊட்டுக்கும் போவல, உள்ளயும் இல்ல. போலீஸ்காரங்க பேனுக்குள்ள எல்லாம் எறங்கித் தேடினாங்க."

"அதனாலதான் உள்ள வர பயமா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பயம் இல்லக்கா. அன்னிக்கி கேட்டைப் பூட்னது நாந்தான். இன்னாத்தச் சொல்லிக்கினு அவர் எதிர்ல போய் நிக்கிறது?"

கச்சேரி சனிக்கிழமை மாலை 5.30-க்கு. அறுபது பேர் போல வந்திருந்தார்கள். சென்னை, பெங்களூர் ஆட்கள் பாதி, தடா பக்கம் ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர், பாகாலாக்காரர்கள் மீதி. வாசிப்பதா வேண்டாமா என்று காலையில் வெகு நேரம் பேசியிருந்தோம். வழி சொன்னது தேவா. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு என் அருகே உட்கார்ந்தார். என் செல்லோவின் கீழ்முனைக் கம்பியும் அவர் பாதங்களும் ஒரே தகட்டின்மேல். நான் வாசிப்பது அவருக்குக் கால் வழியாகத் தெரியும். முதல் பகுதியிலேயே வித்தியாசம் புரிந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவர் என் கையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், ஓர் இடம்கூடப் பிந்தவில்லை.

நடுப்பகுதியின் கடைசி வந்தது. நான் வில்லை எடுத்தேன். அவரும் எடுத்தார். நான்கு எண்ண ஆரம்பித்தேன்.

அந்தச் சுரம் வந்தது. கூட்டத்தில் ஒருவர் திரும்பிப் பின்னால் பார்த்தார், பிறகு பலர். அப்போது தேவா, காகிதத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். வில்லை மறுபடி தன் கடைசித் தந்தியில் வைத்து இழுத்தார். அந்தச் சுரம் அவருடைய தந்தியைவிடச் சற்றுக் கீழே இருந்தது. வலது கை இழுத்துக்கொண்டிருக்க, இடது கையால் முறுக்காணியைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அதைப் போய்ச் சேர்ந்தார். தனக்குக் கேட்காத ஒரு சுரத்தை.

நளினி நிறுத்தியிருக்கலாம். அவள் எழுதியது அது இல்லை. அவள் காத்திருந்தாள், பிறகு வெகு மெல்லிதாக மேலே ஒரு சுரம் வைத்தாள். நடுவில் நான் சேர்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் தேவா ஓய்ந்தார். கூடவே அதுவும் ஓய்ந்தது. இந்தத் தடவை மூச்சை இழுக்கும் சத்தம் இல்லை. நீளமாக வெளியே விடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு நடந்த பேச்சில், ஸ்ரீசிட்டியிலிருந்து வந்த ஒரு பெண் முதலில் கேட்டார். "மூணு பேரு வாசிச்சீங்க. நடுவுல கீழ பாடினவரு யாரு? அவர ஏன் முன்னாடி உக்கார வெக்கல?"

தேவாதான் பதில் சொன்னார். தன் காதைப்பற்றி, ஐந்து மாதம் மறைத்ததைப்பற்றி, அறுபது பேர் முன்னால் நிதானமாகச் சொன்னார். "எனக்கு அது கேக்கல. கால்ல வந்துச்சு. கூட ஒருத்தர் வாசிக்க வந்தா எடம் விடணும், அவ்ளோதான். யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

கீழே இறங்கி வந்தபோது முனிரத்தினம் படிக்கட்டின் அடியில், கட்டடத்துக்கு உள்ளே நின்றிருந்தார். செல்லோப் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நடந்தார். அதற்கு முன் ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்த்து, "வரேன் மேஸ்திரி" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: அறை பாகாலாவில் எடுங்கள், இரவுக்கு 900 ரூபாயில் சுத்தமாகக் கிடைக்கிறது. திருப்பதியில் தங்கினால் வாடகையும் கூட்டமும் அதிகம். சித்தூரிலிருந்து வருபவர்களுக்கு பஸ் நிறைய உண்டு, ஒரு மணி நேரம். தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். மர வாத்தியங்களை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தளத்தில் வைக்காதீர்கள். என்னுடையதில் ஒரு ஒட்டு விட்டுவிட்டது. இரும்புப் படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான். தனியாக ஏறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜூனில் தேவா டாக்டரிடம் போனார். வலது காது திரும்பாது என்றார்கள். இடது காது இருக்கிற நிலையிலேயே நிற்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். நளினி அந்த இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். இப்போது எங்கே ஒத்திகை என்றாலும் ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறோம், தேவாவின் கால்களுக்கும் என் செல்லோவுக்கும்.

விழாக்காரர்கள் பாட்டரியில் ஓடும் சின்னக் கருவியில் எடுத்த ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார்கள். நான் பலமுறை கேட்டேன். அந்தச் சத்தம் முதலில் வந்தது, தேவா போய்ச் சேர்ந்துகொண்டார் என்றுதான் அங்கே இருந்த எல்லோருக்கும் நினைவு. பதிவில் அப்படி இல்லை. நான்கு எண்ணிக்கையும் சுத்தமான நிசப்தம். அதன்பின் தேவாவின் தந்தி தனியாக ஆரம்பித்துக் கீழே இறங்குகிறது. அது ஓரிடத்தில் போய் நின்றபிறகுதான், ஒரு நொடி கழித்து, மற்றது வந்து சேர்கிறது.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் சொன்னேன். வெகு நேரம் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சுருதி சேந்துதா?"

"சேந்துது" என்றேன்.