பேனாவை நீட்டியவர்

மும்பை விமான நிலைய வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வெளுத்த சுங்குடிச் சேலை. மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு முதல் பழைய கரண்ட் பில் வரை இருந்தன. மஸ்கட்டில் யாரைப் பார்க்கப் போகிறார் என்று துருவிய அதிகாரி, போனைத் திறந்து காட்டச் சொன்னார். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர், போனை மட்டும் கொடுக்கவில்லை.

போனை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும்படி அதிகாரியிடம் இந்தியில் கேட்டார். பேனாவையும் அவரே நீட்டினார். அதிகாரி பேனாவைப் பார்த்தார், நீண்ட வரிசையைப் பார்த்தார், முத்திரை குத்தி அனுப்பினார்.

“பயமா இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“எங்க சீத்தா கேம்ப் குடிசைப் பகுதில வீட்ட இடிக்க வந்தவங்களயே நோட்டீச காட்டுங்கன்னு நிறுத்துனோம்லா. இது போன்தான.”

நானும் அந்தப் பக்கத்துச் செம்பூர்க்காரன்தான் என்று பெருமையோடு சொல்லி, அவர் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். அதே அதிகாரி கேட்டதுமே என் போனைத் திறந்து கொடுத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.